இடது கையால் ஆடிய ஆட்டம்

டென்னிஸில் அடிபட்டவர்களுக்கென்று ஒரு நல்ல விதி உண்டு. ஆறு மாதம் எங்கேயும் எந்த ஆட்டமும் ஆடாமல் இருந்தால், அடிபட்டபோது இருந்த தரவரிசை எண்ணைக் காப்பாற்றித் தருவார்கள். குணமானதும் அதே எண்ணை வைத்துச் சில போட்டிகளில் நேராக நுழைந்துவிடலாம். இல்லாவிட்டால் வருடம் திரும்புவதற்குள் புள்ளிகள் எல்லாம் போய், பதினாறு வயதுப் பிள்ளைகளோடு அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எனக்கு அப்போது இருபத்தேழு. பத்து வருடம் ரயிலிலும் விமான நிலைய நாற்காலியிலும் தூங்கி, வாழைப்பழத்தையும் பிரெட்டையும் தின்று சேர்த்த எண் அது. அதைத் தவிர என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

வலது தோளில் ஆபரேஷன் முடிந்து சொந்த ஊரான திருவரங்குளத்துக்கு வந்து சேர்ந்தேன். சவூதியிலிருந்து திரும்பிய அப்பா, மகள் எனக்காக முந்திரித் தோப்புக்கு நடுவே செம்மண்ணைக் கெட்டித்துப் போட்ட கோர்ட்டில் புல் முளைத்திருந்தது. பந்தைத் தொடவில்லை. காலண்டரில் நாளை அடித்துக்கொண்டே இருந்தேன். ஐந்தாவது மாதம் பொங்கல் வந்தது. சித்தப்பாவும் வந்தார்.

அப்பாவின் தம்பி. ஊர்ப் பொங்கல் விளையாட்டுக்கு அவர்தான் எல்லாம். "நோட்டீஸ் அடிச்சாச்சுத்தா. நம்ம பள்ளிக்கூடத்து பி.டி. சாரும் நீயும். ஒரு செட்டுதான்" என்றார்.

"ஆடக் கூடாது சித்தப்பா. இன்னும் ஆறு மாசம் முடியல. ரூல்ஸ் இருக்கு."

"ரூல்ஸ் போட்டவன் நம்ம ஊருக்கா வரப் போறான்? சும்மா வந்து நில்லு."

கேட்காமலே என் பெயரைப் போட எப்படி மனசு வந்தது என்று சத்தம் போட்டேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. அவர் போன பிறகு அப்பா என்னிடம் திரும்பினார். "நீ ஒவ்வொரு தடவ கெளம்பயிலயும் ஊரே வந்து வேன்ல ஏத்திவிட்டுச்சு. ஒரு நாள் ஆட மாட்டேன்னா, நாளைக்கு நம்ம வீட்டு விசேசத்துக்கு எவன் வருவான்?"

அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. நாசமாய்ப் போன புத்தி. இடது கையால் ஆடினால் அது ஆட்டமா என்ன? ஊருக்கும் ஆடின மாதிரி, விதிக்கும் ஆடாத மாதிரி. யாரையும் கேட்கவில்லை, நானே தீர்மானித்துக்கொண்டேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு, வாலிபால் வலையை இறக்கிக் கட்டியிருந்தார்கள். இடது கையால் சர்வீஸ் போட்டால் பந்து வலையைத் தாண்டவே இல்லை. பி.டி. சார் ஆறுக்கு இரண்டில் என்னை ஜெயித்தார். "சாருக்காக விட்டுக் குடுத்துருச்சு, பெரிய மனசு" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆறு மாதம் முடிந்து விண்ணப்பம் நிரப்பும்போது ஒரு கேள்வி இருந்தது. இந்தக் காலத்தில், கணக்கில் வராத காட்சி ஆட்டம் உட்பட, ஏதாவது ஆடினீர்களா? என் கை நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, "இல்லன்னு போடு. அவுகளுக்கு எப்படித் தெரியும்?" என்றார். இல்லை என்று போட்டேன்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. எண் கிடையாது. பொய் சொன்னதற்கு ஓர் எச்சரிக்கை. கீழே ஒரு வீடியோ இணைப்பு. திறந்தேன். நான் இடது கையால் பந்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். மைக்கில் சித்தப்பாவின் குரல்: "உலகத்துலயே நானூத்தி சொச்சமாவது எடத்துல இருக்குற நம்ம வீட்டுப் புள்ள!" பெருமை தாங்காமல், உலகத்துக்குத் தெரியட்டும் என்று, அந்தத் தரவரிசைக்காரர்களின் ஃபேஸ்புக் பக்கத்திலேயே அதைக் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்.

அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "ஒன் சித்தப்பன்ட்ட மட்டும் சொல்லிறாத. தாங்க மாட்டான்" என்றார். நான் மட்டும் தாங்குவேனா என்று கேட்கத் தோன்றியது. அப்புறம் நான்கு போட்டிகளுக்குப் போனேன். காத்திருப்போர் பட்டியலில் பெயரை எழுதிவிட்டு, யாராவது வராமல் போவார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் வந்தார்கள்.

இப்போது புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராகப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைக்கிறேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து என் மட்டை பீரோவின் மேலேயே கிடந்தது. சித்தப்பா மட்டும் பார்க்கும்போதெல்லாம், "எப்பத்தா மறுபடி கெளம்புற?" என்று கேட்பார். பல்லைக் கடித்துக்கொண்டு, "பாக்கலாம் சித்தப்பா" என்பேன்.

போன பொங்கலுக்கு மறுபடியும் வந்தார். "கை நல்லாயிருச்சுல்ல? இந்தத் தடவ வலது கையாலயே ஆடு. போன தடவ ஊரு ஒன் ஆட்டத்தப் பாக்கவே இல்ல."

ஆடினேன். முதல் சர்வீஸ் பழைய மாதிரியே போயிற்று. பி.டி. சார் மட்டையைத் தூக்குவதற்குள் பந்து அவரைத் தாண்டிவிட்டது. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. திரும்பிப் பார்த்தேன். சித்தப்பா போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். எடுக்கட்டும் என்று அடுத்த பந்தைக் கையில் எடுத்தேன்.