சமையலறைக்குள் ஒரு சதுப்பு நிலம்

எழுபதுகளின் பிற்பாதி. நான் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஈர நிலங்களை விஞ்ஞானிகள் எப்படி வகை பிரிக்கிறார்கள் என்று அந்த வருடம்தான் ஒழுங்காகப் படித்தேன். படித்ததிலிருந்து கால் தரையில் நிற்கவில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கடலிலிருந்தா, ஆற்றிலிருந்தா, மழையாலா? உப்பா, நல்ல தண்ணீரா? எவ்வளவு காலம் தங்குகிறது? அதில் என்ன முளைக்கிறது? இதையெல்லாம் பார்த்துத்தான் கழிமுகம், ஏரி, சதுப்பு என்று பிரிக்கிறார்கள். தண்ணீர் வற்றிவிட்டால் மண்ணையும் செடியையும் விசாரிக்க வேண்டும். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியிலிருந்த குட்டைகளையெல்லாம் வகை பிரித்துக்கொண்டு போவேன்.

என் கணவருக்கு வேறு பித்து. கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஓர் இரும்பு ஆலையில் அவருக்கு வேலை. ஒண்டுக்குடித்தனமும் குழாயடிச் சண்டையும் அலுத்துப்போய், ஆலைப் பக்கமே சொந்த வீடு கட்டத் துடித்தார். ஆலைக்கு நீண்ட விடுமுறை மே மாதம்தான். அதனால் அங்கே வேலை செய்பவர்கள் எல்லாரும் மனை பார்ப்பது கொளுத்தும் வெயிலில்தான். எங்களையும் தரகர் அப்படித்தான் ஆரம்பாக்கம் போகும் வழியில் வெடித்துக் கிடந்த ஒரு பொட்டலுக்குக் கூட்டிப்போனார்.

"இந்தாண்ட ஹாலு, அந்தாண்ட சமையல் ரூமு" என்று கணவர் குச்சியால் கோடு போட்டார். வெள்ளிக்கிழமை நல்ல நாள், முன்பணம் கொடுப்பதாகப் பேச்சு.

சமையலறைக் கோட்டுக்குள் காய்ந்த கோரை ஒரு கொத்து நின்றது. எனக்குக் கை பரபரத்தது. செடி சேகரிக்க எப்போதும் பையில் வைத்திருக்கும் சின்னக் களைக்கொட்டை எடுத்துத் தோண்டினேன்.

"மனை பாக்க வந்தியா, கெழங்கு எடுக்க வந்தியா?" என்றார் கணவர்.

மேலே பழுப்பு மண். கீழே சாம்பல் நிறக் களிமண், அதில் வேர் போன தடமெல்லாம் துருக் கோடுகள்.

"ஃபேக்டரி பக்கத்துல துரு இல்லாம இன்னா இருக்கும்? எங்க தூசி வந்து படிஞ்சிக்கினு இருக்குது." இரும்போடு புழங்குகிறவர் சொன்னதும் தரகரும் தலையாட்டினார்.

"தூசின்னா மேலதானே இருக்கணும்? இது உள்ள, வேரைச் சுத்தி இருக்கு. மாசக்கணக்குல தண்ணி நின்னாத்தான் மண்ணு இப்படி வெளுக்கும். வேர் வழியா காத்து எறங்கின எடத்துல மட்டும் துரு பிடிக்கும். இது மழைக்கு நெறையற நன்னீர்ச் சதுப்புங்க" என்றேன். எனக்கோ ஆனந்தத்தில் தலைகால் புரியவில்லை. அவர் முகம் செத்துப்போயிருந்தது.

முன்பணம் கொடுக்கவில்லை. "உன்னால ஊடு போச்சி" என்று ஐப்பசி வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று உள்ளூர எனக்கும் பயம்தான்.

கார்த்திகையில் மழை விட்ட ஒரு காலை அவரை விடாப்பிடியாக இழுத்துப் போனேன். பொட்டலைக் காணோம். சாலை ஓரம் வரைக்கும் தண்ணீர், அதில் பச்சைப் பசேலென்று கோரை. நடுவே ஒரு தாழைக்கோழி கறுப்புக் குஞ்சுகளோடு நீந்தியது. நான் நடுச்சாலையில் கைதட்டிக் குதித்தேன்.

அவர் அந்தத் தாழைக்கோழியையும் குஞ்சுகளையும் பார்த்தார்.

"நம்ம சமையல் ரூமுக்கு வேற குடித்தனம் வந்துட்ச்சே" என்றார். பிறகு பேண்டை மடித்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கினார்.

"ஹாலு இங்கதான் வந்திருக்கும். வா, இது இன்னா வகைன்னு இங்க நின்னுக்கினு சொல்லு, கேக்கறேன்."