ஆற்றங்கரைக்கு ரசீது கேட்ட சிஸ்டம்

சட்டத்தரணி ஒஃபிஸில் கணக்குப் போடுவது சுகம், அதை அரசாங்கத்துக்கு ஒன்லைனில் ஏற்றுவதுதான் வில்லங்கம். அப்படி எதையாவது அனுப்பிப் பார்த்த ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை.

மல்கிரேவ் புறநகரில் சட்டத்தரணி நிர்மலாக்காவின் ஒஃபிஸில் நான் ரைப் பண்ணுகிறவள். எட்டாம் வகுப்போடு நின்றவள், ஆட்களோடு கதைக்கவும் கூச்சம். கொம்பியூட்டர் என்றால் முகம் பார்க்கத் தேவையில்லை என்று சேர்ந்தேன். வந்த வழக்கோ, ரோஸ் அன்ரி என்கிற மூதாட்டியின் பூர்வகுடிச் சனம் அரசாங்கத்துக்கு எதிராகப் போட்டது. அணை கட்டி அவர்களுடைய ஆற்றங்கரையையும் இடுகாட்டையும் தண்ணிக்குள் விட்டதுக்கு நட்டஈடு. அந்த நட்டஈட்டுக் கணக்கை வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள் ஏற்ற வேண்டும். பிந்தினால் இடுகாடு வழக்கிலேயே இல்லை.

எப்ப தொடக்கம்?

ஒன்லைன் படிவத்தில் முதல் கேள்வி, 'நிலத்தைப் பாவிக்கத் தொடங்கிய திகதி'. ரோஸ் அன்ரியைக் கேட்டேன். "ஆறு ஓடத் தொடங்கின நாள்" என்றா. சிஸ்டத்தின் கலண்டர் அவ்வளவு தூரம் பின்னுக்குப் போகாது, வெறுமையாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. உதவி இலக்கத்துக்குப் போன் அடித்தேன். அந்தப் பக்கம் இருந்த உத்தியோகத்தர் நல்ல மரியாதையாகச் சொன்னார்: "தெரியாட்டி இண்டைய திகதியைப் போடுங்கோ மேடம், சிஸ்டம் பிழை சொல்லாது."

ரசீது

அடுத்தது, இழந்த பொருள் என்ன வகை: வீடு, வாகனம், கால்நடை, மற்றவை. இடுகாட்டை 'மற்றவை'க்குள் போட்டேன். உடனே சிவப்பு எழுத்தில், வாங்கின ரசீது எங்கே என்று கேட்டது. நிர்மலாக்கா தலையில் கை வைத்தா. "அன்ரி, உங்களிட்ட ரசீது ஏதும்..." என்று வெட்கத்தோடு இழுத்தேன். ரோஸ் அன்ரி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தா. "அந்த நிலத்தை வாங்கின ரசீதை அரசாங்கம் முதல்ல காட்டட்டும் பிள்ளை, பிறகு நான் காட்டுறன்."

மேலே போட்ட எழுத்து

அன்ரி சொன்னதையே ஒரு பக்கத்தில் ரைப் பண்ணி, ரசீதென்று ஏற்றினோம். சிஸ்டம் எடுத்துக்கொண்டது! வெள்ளி பின்னேரம் கடைசியாகக் கணக்குப் பைலை அனுப்பினால், திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன், மறுபடியும் வந்தது. 'முதல் பெட்டியில் ஏற்க முடியாத எழுத்து' என்றது சிஸ்டம். சைல்ட்கெயாரில் மகள் காத்திருக்கிறாள், பக்கத்தில் ரோஸ் அன்ரி மணிக்கூட்டைப் பார்க்கிறா. நிர்மலாக்கா குனிந்து பார்த்தா. "என்னடி இது, பிள்ளையார் சுழியே?"

ஓம். எந்த வெறும் தாளைக் கண்டாலும் மேலே 'உ' போட்டுத்தான் தொடங்குவேன். பைலையும் தாள் என்றே கை நினைத்துவிட்டது. அழித்தேன். மனம் கேட்காமல் மேசையில் விரலால் ஒரு 'உ' போட்டுவிட்டு, அனுப்புகிற பட்டனை அமத்தினேன். 'கிடைத்தது' என்று பச்சையில் வந்தது. ரோஸ் அன்ரி என் கையைப் பிடித்து, அழித்தது என்ன என்று கேட்டா. தடைகளை நீக்குகிற சாமியின் அடையாளம் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அன்ரி விழுந்து விழுந்து சிரித்தா. "தடை நீக்கிற ஆளை வெளியில விட்டாத்தான் இவை உள்ள விடுவினம் போல!"

கணக்கை அனுப்ப எங்களுக்குக் கடைசி நேரம் ஒன்று இருந்தது, பதில் சொல்ல அரசாங்கத்துக்கு அப்படி ஒன்றும் இல்லையாம்.