கோப்பிச் சாயத்தில் ஒரு போர்வை

அண்ணனின் கட்டிலில் அண்ணி ஏறிப் படுத்திருந்த அந்தச் சனிக்கிழமை மதியம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தேன். சுவரோரமாக அண்ணன். அவரை ஒட்டி மல்லாந்து, கண்களை அகல விரித்தபடி அண்ணி. அண்ணிக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயந்து ஓடினேன். அவர் பார்வையை மேலேயிருந்து எடுக்காமலே கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

அண்ணன் லோரி ஓட்டியவர். தீவிலிருந்து கடல் பாலத்தைத் தாண்டி தினமும் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் போய் வருவார். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. டத்தோ கிராமாட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த பழைய வீட்டின் பின்னறைதான் அதற்குப் பிறகு அவருக்கு எல்லாம். நான் மருந்துக் கடை வேலைக்குப் போய்விடுவேன். அவரைத் துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, கஞ்சி ஊட்டுவது என்று பகல் முழுவதும் அண்ணி ஒருவர்தான். சாயங்காலம் நான் வந்ததும் இருவருமாகப் படுக்கைவிரிப்பை மாற்றுவோம். அப்போது பேசிக்கொள்ளக்கூட எங்களுக்குத் தெம்பு இருக்காது. களைப்பு என்பது தூங்கினால் போய்விடுகிற ஒன்று என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அண்ணி முன்பு தையல் கடையில் இருந்தவர். வெட்டி மிஞ்சிய துண்டுத் துணிகளை மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார். அண்ணன் விழுந்த பிறகு அவற்றை இணைத்துப் போர்வை தைக்கத் தொடங்கினார். வெளியே போக முடியாதவருக்கு வெளியைக் கொண்டுவந்து கொடுக்கலாம் என்பது அவர் எண்ணம். பசாருக்குப் போய்வரும் கொஞ்ச நேரத்தில் கண்ணில் பட்டதெல்லாம் துணியில் ஏறியது. கடைவீட்டு நடைபாதையில் பதித்த பூப்போட்ட பூக்கல், மழைக்குப் பிறகு சாலையில் கொட்டிக் கிடந்த அங்சானா மரப்பூக்களின் மஞ்சள், கெம்போங் மீனின் முதுகில் நெளியும் பச்சைக் கோடுகள். மீன் தட்டின் முன்னால் அவர் அசையாமல் நிற்பதைப் பார்த்து மீன்காரர் ஒருநாள் கேட்டார்: “அக்கா, மீன் வாங்க வந்தீங்களா, படம் பார்க்க வந்தீங்களா லா?”

அந்த மீன் போர்வை அத்தனை அழகு. ஆனால் போர்த்திய உடனே அண்ணன் இடது கையால் அதைத் தள்ளிவிட்டார். பூக்கல் போர்வையையும் தள்ளினார், மஞ்சளையும் தள்ளினார். பழைய சாரோங்கை எடுத்துப் போர்த்தினால் தள்ளாமல் கிடந்தார்.

“எதைத் தைச்சாலும் தள்ளுறாரு பாப்பா. நான் வெளியில போய்ட்டு வர்றது கோபமா, என்னன்னு தெரியல” என்று அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டார். தள்ளிவிட்ட போர்வையை எடுத்து மடித்து வைத்தேன்.

அந்த வாரக் கடைசியில்தான் அவர் கட்டிலில் ஏறிப் படுத்தது.

“இங்கேருந்து ஜன்னலே தெரியல. கொடியில காயுற துணி தெரியல, அந்தப் பக்கத்து மரமும் தெரியல. நான் நின்னுக்கிட்டே பார்த்து, இவருக்கும் எல்லாம் தெரியுதுன்னு நினைச்சிட்டேன்” என்றார் அண்ணி.

“அப்ப என்னதான் தெரியுது அண்ணி?”

“அதான்.”

சீலிங்கில் மழைநீர் ஒழுகிக் காய்ந்த கறை. ஒன்றுக்குள் ஒன்றாகப் பழுப்பு வளையங்கள், ஓரத்தில் வால்போல ஓர் இழுப்பு. அண்ணன் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டு கிடந்தது அதைத்தான்.

அண்ணி பழைய வெள்ளை விரிப்பைக் கிழித்துத் துண்டுகளாக்கி, கோப்பியில் ஊறவைத்தார். சிலவற்றைச் சீக்கிரம் எடுத்தார், சிலவற்றை ஊறவிட்டார். வெளிறிய பழுப்பிலிருந்து கருகிய பழுப்புவரை எல்லா நிறமும் வந்தது. வீடு முழுக்கக் கோப்பிக் கடை வாசனை. வளையம் வளையமாக வெட்டி, அண்ணன் தூங்கும் நேரங்களில் தைத்து முடித்தார். அந்த வால்கூடத் தவறவில்லை.

போர்த்தியபோது அண்ணன் கையைத் தூக்கினார். தள்ளப் போகிறார் என்று நினைத்தோம். கை பாதியில் நின்றது. போர்வையைப் பார்த்தார். சீலிங்கைப் பார்த்தார். மறுபடியும் போர்வையைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணி, தோள் குலுங்கத் தொடங்கியது. வலிப்பு வந்துவிட்டதென்று நான் தலையைப் பிடிக்கப் போனேன்.

“விடு பாப்பா, சிரிக்கிறாரு” என்றார் அண்ணி.

சிரிப்புதான். பேச்சு இருந்த காலத்தில், வீட்டுச் சொந்தக்காரர் ஒழுக்கை அடைக்காமல் இழுத்தடித்ததை அண்ணன் திட்டாத நாள் கிடையாது. அந்த ஒழுக்கே இப்போது போர்வையாகி மேலே கிடந்தது. அண்ணியும் சிரித்தார். பிறகு கட்டில் காலில் சாய்ந்து வெகுநேரம் அழுதார். அண்ணனின் இடது கை அவர் தலைமேல் கிடந்தது.

அடுத்த மழைக்காலம் வரை அண்ணன் இருந்தார். அந்தப் போர்வையை அண்ணி அவரோடே அனுப்பிவிட்டார். அதன்பின் ஊசியைத் தொடவில்லை. இடம் மாறினால் தேவலாம் என்று, சுங்கை பாக்காப்பில் இருக்கும் அண்ணியின் தங்கை வீட்டுக்கு அவரை அவ்வப்போது கூட்டிப்போகிறேன். அங்கேயும் சுவரைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருப்பார். நானும் தைக்கச் சொல்லி வற்புறுத்துவதில்லை. நாங்கள் இருவருமே ஓய்ந்துதான் போயிருக்கிறோம்.

போன வாரம் அங்கே போவதற்காக பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். மழை விட்டிருந்தது. பஸ் நிற்கும் இடத்தில் தேங்கிய தண்ணீரில் எண்ணெய் மிதந்து நீலமும் ஊதாவுமாக விரிந்துகொண்டிருந்தது. அண்ணி குனிந்து பார்த்தார். பஸ் வந்தது, ஆட்கள் ஏறினார்கள். அவர் நகரவில்லை.

“அண்ணி, பஸ் போயிரும்.”

“போகட்டும், அடுத்தது வரும்” என்றார்.

நான் பைகளைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன்.