ஒலிபெருக்கி பிடித்த அக்கா

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில், கனடாவின் மொன்றியலில், என் கணவரை இலங்கைக்குத் திருப்பி அனுப்ப உத்தரவு வந்தது. கதவை யார் தட்டினாலும் முதலில் யன்னல் வழியே எட்டிப் பார்ப்பேன். அப்போதுதான் அந்த அக்காவைச் சந்தித்தேன். அகதிகளுக்கான ஊர்வலங்களில் ஒலிபெருக்கியோடு முன்னால் நடப்பவர். மெலிந்த உடம்பு, கரகரத்துப்போன குரல். எந்நேரமும் வாய்க்குள் ஒரு கராம்பு அடக்கி வைத்திருப்பார்.

என்னை எங்கள் எம்.பி.யிடம் கூட்டிப்போனார். அதற்கு முந்தின கிழமைதான் அதே எம்.பி.க்கு எதிராகத் தெருவில் கோஷம் போட்டிருந்தார்.

"இவரைத்தானே அக்கா திட்டினனீங்கள்? இப்ப இவரிட்டயே உதவி கேக்கிறதோ?" என்றேன்.

"அமெரிக்காவில அடிமையளை விடச்சொல்லிக் கனகாலம் கத்தினவை, பிள்ளை. சட்டம் போட்டது அரசியல்வாதியள். கத்தினவை இல்லாட்டி அவை அசைஞ்சிருக்க மாட்டினம். அவை இல்லாட்டி, கத்தினது தெருவோட போயிருக்கும்."

"உங்களுக்குப் பயமில்லையோ?"

"பயம்தான். அவர் மாட்டன் எண்டா திரும்பக் கத்தலாம். ஓம் எண்டு சொல்லிப்போட்டு மறந்தாரெண்டால் என்ன செய்யிறது?"

கராம்பைக் கடித்துக்கொண்டே கதவைத் தள்ளினார்.

அக்காவைக் கண்டதும் எம்.பி. எழுந்து நின்றார். அக்கா பிரெஞ்சில் மெதுவாகத்தான் கதைத்தார். ஆனால் எங்கள் முன்னாலேயே எம்.பி. அமைச்சரின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுக்கும்வரை கதிரையை விட்டு எழும்பவில்லை. சில நாட்களில் உத்தரவு நிறுத்தப்பட்டது.

அடுத்த கிழமை, வேறொரு குடும்பத்துக்காக, அதே அலுவலக வாசலில் அக்கா கோஷம் போட்டுக்கொண்டிருந்தார். எம்.பி. யன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தார். அந்த இருவரில் யார் யாருக்குப் பயந்தார் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.