பாலத்தடியில் நட்ட கற்கள்

“மத்தியானத்துல ஓட்டாதியன்னு எத்தன தடவ மச்சான் சொல்றது? மனுசன் கண்ணசர வேணாமா?”

“நான் ஓட்டல.”

“அப்ப என்ன, ஜின்னு வந்து ஓட்டுச்சா?”

“இப்பத்தான் கடைத்தெருவுல இருந்து வாரேன். கரண்ட் வயரக் கழத்தி, இந்தா, சட்டப் பையில வச்சிருக்கேன். பாருங்க.”

முஹைதீன் வயரைப் பார்த்தான். பிறகு தங்கச்சி மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தான்.

“பொம்ம ரயிலு விட்டா புள்ள வந்து மடியில ஏறிக்கிருமாக்கும்” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மறுபடி பாயில் போய்ப் படுத்துக்கொண்டான்.

இது நடந்தது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் கீழக்கரைக்குப் போய் அந்தத் தெருவில் கேட்கலாம். வீட்டைக் காட்டுவார்கள். கையை நீட்டித்தான் காட்டுவார்கள். கூட வர மாட்டார்கள்.

அந்த ஊரில் வீடு பெண்ணுக்கு. கட்டிக்கொண்டவன் மனைவி வீட்டில் வந்து இருப்பான். மதார் அப்படித்தான் காலிதாவின் வீட்டில் இருந்தான். இருந்தான் என்று சொல்வது பேருக்குத்தான். கல்யாணமான காலத்தில் பாதிக்கு மேல் சவூதியில், தம்மாமில் கழிந்துவிட்டது. காலிதாவின் அண்ணன் முஹைதீனுக்கு அடுத்த தெருவில் மனைவி வீடு உண்டு. ஆனாலும் மத்தியானச் சோறும் தூக்கமும் அவனுக்குப் பிறந்த வீட்டில்தான். மதார் வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாகத் திரும்பி வந்தது அவனுக்குப் பிடிக்கவில்லை. அதை அவன் மறைக்கவும் இல்லை.

மின்ஹாவுக்கு ஆறு வயது. அவளைப் பொறுத்தவரை வாப்பா என்பது போனில் வருகிற ஒரு முகம். அந்த முகம் உடம்போடு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் அவள் உம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஒரு நாளும் அவனை வாப்பா என்று கூப்பிடவில்லை. “உம்மா, அவுகளுக்குத் தண்ணி வேணுமாம்” என்பாள். அவுக. அந்த ஒரு சொல் மதாரை உள்ளே இருந்து அரித்தது.

அதற்காகத்தான் ரயில்.

வீட்டுக்குக் கீழே ஒரு நிலவறை இருந்தது. கப்பல் வியாபாரக் காலத்தில் சரக்கு வைத்த அறை. உடைந்த கட்டில்களை வெளியே தள்ளிவிட்டு, மதார் அங்கே ஒரு பெரிய பலகை மேசை அடித்தான். உயரம் மின்ஹாவின் நெஞ்சளவு. அவள் கையைக் கிழிக்காதபடி விளிம்பெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து உருட்டினான். வயர் எல்லாம் பலகைக்கு அடியில். வளைவில் ரயில் கவிழ்ந்து அவள் காலில் விழக்கூடாது என்று சுற்றிலும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தடுப்பு. நடுவில் ஒரு வட்ட ஓட்டை. மேசைக்கு அடியில் தவழ்ந்து போய் அந்த ஓட்டை வழியாகத் தலையை நீட்டினால், கடலுக்கு நடுவில் நின்று ரயிலைப் பார்க்கலாம். அதைச் சொன்னபோது மின்ஹா முதல் தடவையாக அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

ரயில் செட்டோடு வந்த மனிதப் பொம்மைகள் எங்கோ பனி கொட்டுகிற ஊருக்காகச் செய்யப்பட்டவர்கள். கம்பளிக் கோட்டும் தொப்பியும் போட்டு, யாரோ வரப்போகிறார்கள் என்ற பாவனையில் நிற்பவர்கள். அவர்களை அட்டையில் செய்த உச்சிப்புளி ஸ்டேஷனில் நிறுத்தி, ஈர்க்குச்சியில் பனைமரம் செய்து நட்டான் மதார். நீலப் பெயின்டில் கடல். ஐஸ் குச்சிகளில் பாம்பன் பாலம்.

பாலத்தின் இரண்டு முனைக்கும் கல் வேண்டியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேதுக்கரைப் பக்கம் காரை நிறுத்தி, அவன் அலையில் கால் நனைத்துக்கொண்டிருந்தபோது, மணல்மேட்டின் பின்னாலிருந்து மின்ஹா பவளக்கல் ஒன்றைச் சுமந்து வந்தாள். திரும்பப் போய் இன்னொன்றையும் கொண்டு வந்தாள். இரண்டும் ஒரே அளவு. மகள் தனக்காகச் சுமந்து வந்த கல். மதார் அவற்றை முத்தமிடாத குறை.

கல்லை நட்ட மறுநாளிலிருந்து ரயில் பாலத்தில் நின்றது.

சரியாக இரண்டு கல்லுக்கும் நடுவில். எத்தனை தடவை விட்டாலும் அங்கேதான். தண்டவாளத்தைத் துடைத்தான். பெட்டியைத் தூக்கிப் பார்த்தான். சக்கரங்களில் மணல். ஈர மணல்.

பிறகு, நிலவறைக்குப் போகும்போதெல்லாம் கோட்டுப் போட்ட மனிதர்கள் திரும்பி நின்றார்கள். ஸ்டேஷனுக்கு முதுகைக் காட்டி… பாலத்தைப் பார்த்து. அவன் திருப்பி வைத்தான். மறுபடி திரும்பி நின்றார்கள்.

ஒருநாள் மின்ஹாவின் மணிக்கட்டில் பல் பதிந்திருந்தது. சின்னப் பல்.

“யாரும்மா கடிச்சா?” என்று காலிதா கேட்டாள்.

“கீழ இருக்காள்ல, அவதான். இது அவ ரயிலாம். என்னைய வரக்கூடாதுன்றா.”

“ஒங்க ரயிலும் நீங்களும்” என்றாள் காலிதா, மதாரைப் பார்த்து. “நல்லா இருந்த புள்ள. கனாக் கண்டு ஒளர்ற மாதிரி ஆக்கி வச்சிருக்கிய.”

முஹைதீன் வந்து வயர் விஷயமாகச் சண்டை போட்டது அதற்கு மறுநாள். அவன் படுத்த பிறகு மதார் கீழே இறங்கினான்.

லுஹர் தொழுகை முடிந்து வெகுநேரம் ஆகவில்லை. மேலே வெயில் கொளுத்தியது. கீழே… ஈர வாடை. கடல் பாசி வாடை.

ரயில் பாலத்தின் நடுவில் நின்றிருந்தது.

ஓட்டையில் மின்ஹாவின் தலை. அவனுக்கு முதுகு காட்டி, பாலத்தைப் பார்த்தபடி.

“இங்கனயா இருக்க? தூங்கலயா?” என்றான்.

தலை அசையவில்லை.

“வாப்பா” என்றது.

மதாருக்குக் கண் நிறைந்துவிட்டது. எத்தனை வருஷம் காத்திருந்த சொல். மேசையைச் சுற்றி இரண்டு எட்டு வைத்தான்.

அப்போதுதான் பார்த்தான். முடி நனைந்திருந்தது. முடியிலிருந்து தண்ணீர் நீலப் பெயின்டின் மேல் சொட்டியது.

டப்… டப்…

“யார்ட்ட பேசிட்டு இருக்கிய?”

குரல் படிக்கட்டிலிருந்து வந்தது. உலர்ந்த தலையோடு, தூக்கக் கண்ணோடு, மின்ஹா மேல்படியில் நின்றிருந்தாள்.

ஓட்டையில் தலை மெல்லத் திரும்பத் தொடங்கியது.

மதார் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. மகளை வாரித் தூக்கிக்கொண்டு மேலே ஓடினான்.

மூச்சு வாங்கியபடி அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டான். முஹைதீனும் எழுந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

“அந்தக் கல்லு ரெண்டும் எங்கன கெடந்துச்சும்மா?”

“கெடக்கல. நின்னுச்சு.”

“நின்னுச்சா?”

“ம். அங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணு.”

மின்ஹா இரண்டு கையையும் விரித்து இடைவெளியைக் காட்டினாள். அவள் உயரம்கூட இல்லை.

தலைமாட்டில் ஒன்று. கால்மாட்டில் ஒன்று. அந்தக் கரையில் பிறந்த எவனுக்கும் அதற்கு மேல் சொல்லவேண்டியதில்லை. அடக்கிய இடத்தில் நடுகிற மீசான் கல்.

முஹைதீனின் முகம் செத்துப்போயிருந்தது.

“அது நான் நட்டது” என்றான். “போன மழைக்குக் கரையில செத்து ஒதுங்கின பொம்பளப் புள்ள மச்சான். எந்த ஊரு, எந்தச் சனம், ஒண்ணும் தெரியல. நாங்களே அடக்குனோம். என்னைக்காச்சும் பெத்தவன் தேடி வந்தா, இதான் ஒம் புள்ளன்னு காட்டணும்ல. அதுக்குத்தான் கல்லு.”

சட்டையை மாட்டிக்கொண்டே, “கல்லு இருக்குற எடத்துக்குத்தான தகப்பன் வருவான்” என்றான். “அது காத்துக் கெடந்துருக்கு. நீங்க வந்திய.”

முஹைதீன் பைக்கை எடுத்துக்கொண்டு கரைக்குப் பறந்தான். அஸர் தொழுகை தாண்டி, வெயில் சாய்ந்த பிறகு திரும்பினான். அலை மேட்டை வழித்துக்கொண்டு போயிருந்தது. எது குழி, எது மணல், தெரியவில்லை.

“கல்லு நின்னிருந்தாத் தெரிஞ்சிருக்கும்” என்றான்.

விடிந்ததும் கல்லைக் கொண்டுபோய்க் குத்துமதிப்பாக நட்டு, துஆச் செய்துவிட்டு வருவது என்று முடிவானது. அதுவரை கீழே யாரும் போகவேண்டாம். மதார் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினான். சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டான்.

மஃரிபு பாங்கு கேட்டது.

பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துக்கொள்கிற நேரம்.

“மின்ஹா எங்க?” என்றாள் காலிதா.

“ஒன்கூட இல்லையா?”

“நீங்க கதவப் பூட்டப் போகயில பின்னாடியே வந்தாளே…”

மதார் முற்றத்தைப் பார்த்தான். மாடிக்கு ஓடினான். தெருவில் முஹைதீன் பெயர் சொல்லிக் கத்துவது கேட்டது.

இல்லை.

கீழே…

தட். தட். தட்.

மதார் நிலவறைக் கதவுக்கு முன்னால் வந்து நின்றான்.

கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்தது. அவன் பாதம் நனைந்தது.

உள்ளே அழுகை. மின்ஹாவின் குரல்தான். அச்சு அசல் மின்ஹா.

பயந்து போயிருந்தால் அவள் கூப்பிடுவாளா… முதல் தடவையாக… அந்தச் சொல்லை…

சாவி கையில் இருந்தது.

“இருட்டா இருக்கு வாப்பா. கதவத் தொறங்க வாப்பா…”