போட்டுக் கழற்றிய சட்டை

விராலிமலைப் பக்கம், அடிபட்ட தெருநாய்களைத் தேற்றி வளர்க்கக் கொடுக்கும் தன்னார்வலர்களில் ஒருவர் அந்த அம்மா. ஒடிசலான உடம்பு, கையெல்லாம் நாய்க்கடித் தழும்பு. நம்மிடம் பேசும்போதும் நாயைத்தான் பார்ப்பார்.

நாய் கேட்டுப் போனபோது, "போட்டுக் கழட்டுன சட்டை ஒண்ணு குடுங்க. தொவைக்காதீங்க. ஒரு வாரம் அதுல படுத்தா ஒங்க வாசம் பழகிரும்" என்றார். அப்படிப் பழகித்தான் அந்தச் செவலை நாய், என் சட்டையைக் கவ்விக்கொண்டு என்னோடு வந்தது.

இரண்டே மாதத்தில் திருப்பிக் கொண்டுபோய் விட்டேன். வீட்டு ஓனர் ஒத்துக்கொள்ளவில்லை என்று பொய் சொன்னேன். உண்மையில், சோபாவெல்லாம் முடி. அந்த அம்மா திட்டவில்லை. அப்போதும் நாய் வாயிலிருந்த அதே சட்டையைக் காட்டினார்.

"அதை எடுத்துட்டுப் போயிருங்க. இங்க கெடந்தா சோறு திங்காது."

"நீங்களே வாங்கிக் குடுங்களேன்."

"நான் புடுங்குனா நாளைக்கு என் கையால திங்காது. ஒங்களுக்கென்ன, நீங்கதான் போறீங்களே."

நாய்க்காகச் சொன்னாரா, என்னைத் தண்டிக்கச் சொன்னாரா என்று இன்றும் தெரியவில்லை. சட்டையில் கை வைத்தேன். என் கை என்று தெரிந்ததும் நாய் உடனே விட்டுவிட்டு வாலை ஆட்டியது.