இரண்டு அணிகளும் சந்திக்காத புத்தகம்

அந்த கிராஃபிக் நாவல் என் கைக்கு வரும் முன்பே எங்கள் காமிக்ஸ் வாட்ஸ்அப் குழுவில் பாராட்டு குவிந்துவிட்டது. இரண்டு சூப்பர் ஹீரோ அணிகள் ஒரே கதையில் சேரும் தமிழ்ப் பதிப்பு அது. இரு அணிகளும் முதன்முதலில் சந்திக்கும் இடத்தில் கண் கலங்கிவிட்டதாக ஆளாளுக்கு எழுதினார்கள். எனக்கு அப்போதே உறுத்தியது. விளம்பரத்தில் சொல்லியிருந்ததும் அந்த இடத்தைத்தான். எல்லாருக்கும் அங்கேயேவா கண் கலங்கும்?

நல்லம்பள்ளிக்காரர் ஒருவர் மட்டும், "நடுவுல ஒண்ணும் புரியலைங்க, ஆரம்பமே மறுபடியும் வருது" என்று எழுதினார். காமிக்ஸ் படிக்கத் தெரியாதவர் என்று அவரை ஒரு பிடி பிடித்துவிட்டார்கள்.

அரூரில் கூரியரை வாங்கி, பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து பிரித்தேன். நடுவில் ஆரம்பப் பக்கங்களையே மறுபடியும் சேர்த்து பைண்டிங் செய்திருந்தார்கள். சந்திப்பையே காணோம்.

அந்தச் சந்திப்பு வரும் பக்கத்தை யாராவது போட்டோ எடுத்துப் போடச் சொல்லிக் குழுவில் கேட்டேன். விடிந்தால் அடைந்தால் பேசுகிற குழு கப்சிப் ஆனது. பாராட்டை ஆரம்பித்து வைத்தவர் மட்டும், "புக்கு மாமியார் வூட்டுல இருக்குதுங்க" என்றார். மற்றவர்களுக்கு மாமியாரும் இல்லை போலிருக்கிறது.

நல்லம்பள்ளிக்காரருக்கு ஃபோன் போட்டேன். "நீங்க சொன்னதுதாங்க சரி. நிஜமா படிச்சது நாம ரெண்டு பேருதான்."

அவர் திருப்பிக் கேட்டார்:

"நீங்க படிச்சீங்கன்னு நான் எப்படிங்க நம்புறது? ஆரம்பம் மறுபடியும் வர்ற அந்தப் பக்கத்த போட்டோ எடுத்து அனுப்புங்க. அப்புறம் பேசலாம்."